மூன்று நாள் வேலையும் ஓர் அரிசிப் பையும்

எங்கள் வீட்டு வாசலில் மூன்று கார்கள் நின்றன.

நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளி முடிந்து மதியம் திரும்பிக்கொண்டிருந்தேன். தெரு முனையிலேயே பார்த்துவிட்டேன். கிள்ளானில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் ஒரு புதன்கிழமை நடுப்பகலில் ஒரே வீட்டின் முன்னால் மூன்று கார் நின்றால், அது நல்லதுக்காக இருக்காது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வருவார்கள். வீட்டில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான் இருந்தார். பக்கத்து வீட்டு கேட்டை மறைத்து என் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

போர்ச்சில் என் கணவர் சந்திரன் நின்றுகொண்டிருந்தார். உயிரோடுதான் இருந்தார். கைலி, காலர் நைந்த பழைய டீ-சட்டை. பத்துக் கிலோ அரிசிப் பையின் ஒரு முனை அவர் கையில் இருந்தது. மறுமுனையை மஞ்சள் டீ-சட்டை போட்ட ஓர் இளைஞன் பிடித்திருந்தான். காலடியில் சமையல் எண்ணெய், சார்டின் டின்கள், மீஹூன், பிஸ்கட். பின்னால் இரண்டு பெண்கள் ஏதோ ஓர் உதவிச் சங்கத்தின் பேனரை விரித்துப் பிடித்திருந்தார்கள். ஒருத்தி போனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அங்கிள், பைய இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. கொஞ்சம் சிரிங்க அங்கிள்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பாலர் பள்ளியில் வேறொரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே முகம்.

படம் எடுத்து முடித்துவிட்டார்கள்.

கூச்சப்படாதீங்க அண்ணே

மஞ்சள் டீ-சட்டைக்காரன் பெயர் குணா. கோயிலோடு சேர்ந்த ஓர் உதவிச் சங்கத்தை நடத்துகிறவன். நல்ல பையன். கஷ்டப்படும் குடும்பங்களைத் தேடிப்போய் மளிகைச் சாமான் கொடுப்பார்கள். கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். காசு போட்டவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே.

"தம்பி, எனக்கு வேலை இருக்கு. நான்தான் முதல்லயே சொன்னேன்ல" என்றார் இவர்.

"தெரியும் அண்ணே. கூச்சப்படாதீங்க. இத உதவின்னு நினைக்காதீங்க, அன்பளிப்புன்னு வச்சுக்குங்க."

"இல்ல தம்பி, நெசமாவே இருக்கு. வாரத்துக்கு மூணு நாளு போறேன்."

குணா அவர் தோளைத் தொட்டான். "எல்லாம் சரியாயிடும்ணே. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் ஆளக் குறைக்கிறான்."

நான் என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன். "தம்பி, அவரே கேட்டு வாங்கிக்கிட்ட மூணு நாள் இது." அந்த இரண்டு பெண்களும் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிவு. புருஷனை விட்டுக்கொடுக்காத பெண்சாதி என்று நினைத்திருப்பார்கள். உள்ளதைச் சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை. வேலை போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பார்கள்.

டாக்டர் சொன்னது

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் இதுவரை என் வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை. எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். இருட்டோடு போய் இருட்டோடு வருவார். ஞாயிற்றுக்கிழமை தூங்குவார். எங்கள் மகள் யாழினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அப்பா என்ன செய்கிறார்?" என்று பள்ளியில் கேட்டதற்கு, "தூங்குறார்" என்று பதில் சொல்லி வந்தவள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கத்த மாட்டார். பேசவும் மாட்டார். வேலை முடிந்து வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்காருவார். "என்னங்க யோசனை?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒரு வார்த்தையோடு நான் பல வருடம் குடும்பம் நடத்தினேன். ஆம்பிளைகள் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சென்ற வருடம் ஒருநாள், வேலை முடிந்து வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியவில்லை என்றார். அலறியடித்துக்கொண்டு போனேன். பிறகு எல்லாச் சோதனையும் செய்தார்கள். டாக்டர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை, ஓய்வு எடுங்கள் என்றார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் இவர் சொன்னார்: "எனக்கு ஒரு கோளாறும் இல்லங்கிறாங்க கமலா. ஆனா எனக்கு எதுவுமே புடிக்கல. சாப்பாடு புடிக்கல, தூக்கம் புடிக்கல. கேட்டத் திறந்து வீட்டுக்குள்ள வர்றதுகூடப் புடிக்கல."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு பிடிக்கவில்லை என்றால் நான் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் புரிந்தது, அந்த மனிதர் அத்தனை வருடத்தில் என்னிடம் சொன்ன மிக நீளமான பேச்சே அதுதான் என்று.

அதற்குப் பிறகுதான் மேனேஜரிடம் போய்க் கேட்டார். வீட்டுக் கடன் முடிந்திருந்தது. மகள் ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டாள். என் சம்பளமும் இருக்கிறது. சமாளிக்கலாம் என்று தோன்றியது. மேனேஜர் தலையைச் சொறிந்துவிட்டு, மூன்று மாதம் பார்ப்போம் என்றாராம். திங்கள், வியாழன், வெள்ளி மட்டும் வேலை. புதிதாக வரும் ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும். மற்ற நாட்களில் வீடு.

கடுகுக்கு ஒரு லேபிள்

முதல் இரண்டு வாரம் தூங்கினார். பிறகு எழுந்தார். எழுந்தவர் நேராக என் சமையலறைக்குள் நுழைந்தார்.

இருபது வருடம் உற்பத்தி லைனைப் பார்த்த மனிதருக்கு என் அலமாரி ஒரு விபத்து நடந்த இடம் போலத் தெரிந்திருக்கிறது. டப்பாக்களை இறக்கினார், துடைத்தார். ஒவ்வொன்றிலும் கடுகு, சீரகம், வெந்தயம் என்று லேபிள் ஒட்டினார். பழைய பாக்கெட் முன்னால், புதிய பாக்கெட் பின்னால் என்று வரிசை மாற்றினார். "முதல்ல வாங்கினது முதல்ல போகணும் கமலா" என்று எனக்கு வகுப்பு வேறு. கடுகு எது, வெந்தயம் எது என்று லேபிள் பார்த்தா நான் தாளிக்கிறேன்? மோகம் முப்பது நாள், அதுவரை பொறுத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

முப்பது நாள் கழித்தும் தீரவில்லை. போதாததற்குப் பேச ஆரம்பித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பாசாருக்குப் போய்வருவார். போய்வந்த கதையை நான் மதியம் வந்ததும் தொடங்குவார். மீன்காரன் கெம்போங் மீனை எப்படித் தூக்கிக் காட்டினான், பக்கத்தில் நின்ற மலாய்க்கார மாமி அவனிடம் என்ன கேட்டாள், அதற்கு அவன் என்ன சொன்னான், இவர் என்ன சொல்ல நினைத்தார், ஏன் சொல்லவில்லை என்று போகும். ஒரு மீனுக்கு அரை மணி நேரம். நடுவில் நான் எழுந்து போனால் கூடவே வந்து சொல்வார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்துத்தான் என் புருஷன் ஒரு வாயாடி என்று எனக்குத் தெரிந்தது.

எரிச்சலாக இருந்ததா என்றால், ஆமாம், இருந்தது. நானும் இரவில் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கியிருந்தேன் என்பதும் உண்மை. அந்த இரண்டையும் அப்போது நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

நைட்டா?

நான் பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அங்கே பகலில் ஓர் ஆம்பிளை வீட்டில் இருந்தால் அதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று நைட் ஷிப்ட், இல்லையென்றால் நோய். அப்பா பகலில் வெளியே தலையைக் காட்டினால், எதிரே வருகிறவர்கள் "நைட்டா?" என்று ஒரே சொல்லில் கேட்பார்கள். "ஆமா, நைட்டு" என்று சொல்லிவிட்டு அப்பா நகர்ந்துவிடுவார். விடுமுறை நாளிலும் அப்படியே சொல்வார். சும்மா இருக்கிறேன் என்று சொல்ல அங்கே எந்த ஆம்பிளைக்கும் வாய் வராது.

குவார்ட்டர்ஸ் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. கேள்வி மட்டும் எங்களோடு கிள்ளானுக்குக் குடிவந்துவிட்டது. எதிர்வீட்டு சரோஜா அக்கா இவரைத் தொடர்ந்து பாசாரில் பார்த்திருக்கிறார். ஒருநாள் கேட் ஓரமாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் கமலா, அண்ணன் வேலைக்குப் போகலியா?"

"போறாருக்கா. மூணு நாளு. அவருக்கு அது போதும்னுட்டாரு."

சரோஜா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடும்மா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரியுது."

என்ன புரிந்தது என்பது அந்தப் புதன்கிழமை எனக்குப் புரிந்தது. குணாவின் சங்கத்துக்கு எங்கள் வீட்டைச் சொன்னதே அக்காதான். பாவம், நல்லெண்ணத்தில் செய்தது. கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

படம் போன இடங்கள்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். வாட்ஸ்அப்புக்கு வாயும் இல்லை, மூடியும் இல்லை. அன்று மாலைக்குள் அந்தப் படம் கோயில் குழு, தாமான் குழு, பாலர் பள்ளிப் பெற்றோர் குழு என்று போய்விட்டது. ஜொகூரிலிருந்து யாழினி அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அப்பாவுக்கு வேலை போச்சுன்னு ஏம்மா எங்கிட்ட சொல்லல? அரிசி வாங்கக்கூட வழியில்லாமயா இருந்தீங்க?" அவளுக்கு எல்லாம் தெரியும். மூன்று நாள் வேலை என்று நாங்களே சொல்லியிருந்தோம். படத்தைப் பார்த்ததும் பெற்ற மகளுக்கே அது மறந்துவிட்டது.

இவர் சிரித்தார். "படத்துல நல்லாத்தான் இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பாலர் பள்ளியில் ஒரு பிள்ளையின் தாய் என்னிடம் ரகசியமாக ஒரு பை நிறைய வாழைப்பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போய் அழுதேன். யாரிடமும் கைநீட்டாத வீடு எங்களுடையது. அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்கே தெரியாது.

அன்று வியாழன். மாலையில் வேலை முடிந்து வந்தவரின் முகமும் சரியில்லை. படம் தொழிற்சாலைக்கும் போய்விட்டது. சூப்பர்வைசருக்கே அரிசி கொடுக்கிறார்கள் என்றால் கம்பெனி ஆட்குறைப்பு செய்யப்போகிறது என்று லைனில் பேச்சு. பாதிப் பேர் கையுறையை விட்டுவிட்டு மேனேஜர் அறை வாசலில் நின்றிருக்கிறார்கள்.

"என்ன சொன்னாரு மேனேஜரு?"

"எப்படியும் மூணு மாசம் முடியுது, திங்கக்கிழமை முடிவு சொல்லுன்னாரு. முழு நேரம் வர்றதுன்னா என் பழைய எடம் எனக்குத்தான். மூணு நாள்தான்னா அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுடுவாராம். அப்புறம் திரும்பக் கேட்டு வரக் கூடாதாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அழுத கண்ணை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

"போயிடுறேன் கமலா. முழு நேரமே போயிடுறேன். உனக்கும் சங்கடம்."

அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

சனிக்கிழமை அவர் அரிசிப் பையையும் சாமான்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் குணாவிடமே திருப்பிக் கொடுத்தார். இந்த முறை அவன் நம்பினான். காதைப் பிடித்துக்கொள்ளாத குறையாக மன்னிப்புக் கேட்டானாம். பிறகு, "அண்ணே, வார நாள்ல சாமான் கொண்டுபோக ஆளே கெடைக்கல. நீங்க புதன்கிழமை ஃப்ரீதானே, வர்றீங்களா?" என்றானாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு நேரமில்லன்னு சொன்னேன்."

நாத்தனார் வீட்டு விருந்து

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் என் நாத்தனாரின் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள். அங்கே கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் பிள்ளைக்கு அடுத்த பிறந்தநாள் வந்துவிடும் என்பதால் ரயிலில் போனோம்.

அவர் முழு நேரம் போகப்போகும் செய்தி அதற்குள் அங்கே எட்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் நாத்தனார் தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை திரும்பக் கெடச்சிருச்சாமே! கும்புட்ட சாமி கைவிடல." இவர் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டு "ஆமாக்கா" என்றார். அடுத்து வந்தவருக்கும் "ஆமா" என்றார். இலையில் உட்கார்ந்தவரிடம் ஒரு பெரியவர் வந்து, "ஆம்பிளைக்கு வேலைதான்யா மருந்து" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அதற்கும் "ஆமா". என்னிடம் கேட்டவர்களுக்கு நானும் "ஆமாங்க, கடவுள் புண்ணியம்" என்றேன். சொல்ல எளிதாக இருந்தது. எல்லாரும் உடனே நம்பினார்கள்.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். விருந்தில் அத்தனை நடந்திருக்கிறது. பிள்ளை கேக்கில் கையை விட்டது, பலூன் வெடித்து ஒரு பாட்டி காபியைக் கொட்டியது. வழக்கமாக இருந்தால் கிள்ளான் வரும் வரைக்கும் அவருக்கு இது போதும். அவர் வாயைத் திறக்கவில்லை. நானே கேக்கைப் பற்றித் தொடங்கினேன். "ம்" என்றார். பலூனைப் பற்றிச் சொன்னேன். "ம்" என்றார்.

ஷா ஆலம் தாண்டியதும் கேட்டேன். "என்னங்க யோசனை?"

"ஒண்ணுமில்ல."

எனக்குப் பயமாக இருந்தது. பழைய மனிதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் வேலைக்கே போகவில்லை, அதற்குள் வந்துவிட்டார். அவரை வரவழைத்தது மேனேஜர் இல்லை, சரோஜா அக்காவும் இல்லை. கழிவறையில் அழுதுவிட்டு வந்த நான்தான். ஊர் என்னைப் பாவம் என்று பார்க்கிறது என்பதற்காக, பேசத் தொடங்கிய ஒரு மனிதரை நான் மறுபடி வாய்மூட வைத்துவிட்டேன்.

ஆறு சட்டை

வீட்டுக்கு வந்ததும் அவர் இஸ்திரிப் பலகையை விரித்தார். கம்பெனியின் நீலச் சட்டைகளை எடுத்துவந்து தேய்க்க ஆரம்பித்தார். திங்கள் முதல் சனி வரை, ஆறு சட்டை. ஒவ்வொன்றாகத் தேய்த்து ஹேங்கரில் போட்டு அலமாரிக் கதவில் மாட்டினார். கைமடிப்பு, காலர் எல்லாம் கச்சிதம். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஆறாவது சட்டை முடியும்வரை வாசற்படியில் நின்று பார்த்தேன். பிறகு போய் மூன்று சட்டைகளை ஹேங்கரோடு எடுத்தேன். நேராகப் பின்கட்டுக்குப் போய், தண்ணீர் நிறைந்திருந்த வாளியில் மூன்றையும் முக்கினேன்.

"கமலா! என்னா செய்யிற நீ? இப்பத்தான் தேய்ச்சேன்!"

"ஊறட்டும்."

அவர் ஓடிவந்து வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு விளங்கியது.

"ஊர்ல கேப்பாங்களே."

"கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன். நம்பலன்னா போகட்டும். இத்தன வருஷம் அந்த 'ஒண்ணுமில்ல'ய வச்சுக்கிட்டே குடும்பம் நடத்திட்டேன். இனிமே என்னால முடியாதுங்க."

அவர் ஈரத் தரையில் நின்றுகொண்டே இருந்தார். சட்டைகளை வாளியிலிருந்து எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"மேனேஜருகிட்ட என்னான்னு சொல்றது?"

"மூணு சட்டதான் இருக்குன்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை மாலை அவர் வந்தபோது நான் சோறு போட்டு வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டார். மேனேஜர் அறைக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றார், உள்ளே போனதும் மேனேஜர் முதலில் எதைப் பற்றிக் கேட்டார், இவர் சட்டைக் கதையைச் சொன்னதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எப்படி முழித்தார், பிறகு எப்படிச் சிரித்தார், தன் பெண்டாட்டிக்கு இது தெரியவே கூடாது என்று ஏன் சொன்னார், அந்தப் பழைய இடம் யாருக்குப் போகிறது, அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று போய்க்கொண்டே இருந்தது. சோறு ஆறிவிட்டது. நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.